துரையின் பிரம்பும் இரண்டு பூட்டும்

அத்தியாயம் 6

"நாலாயிரத்தி ஐந்நூறு ரூபா. அதுக்கு மேல ஒரு சதம் குடுக்க ஏலாது" என்றார் பஸ்லான்.

விலை பேசப்பட்ட பொருள் அங்கே இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அது எங்கேயும் இல்லை. றக்வானைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறும் பதினான்காவது வளைவில் இருக்கும் கிளென்பார் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவான மேல் கணக்கின் நலன்புரிச் சங்கத்துப் பிரம்பு அது. கருங்காலித் தடி, தலையில் வெள்ளிப் பூண். சங்கத் தலைவர் வேலுசாமி அதை 'விலைமதிப்பற்ற பொக்கிஷம்' என்று சொல்லித் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

விலைமதிப்பற்றது என்று ஒருவர் சொன்னால் இரத்தினபுரி மாணிக்கத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வாங்க ஆளில்லை. பஸ்லான் அந்தத் தெருவில் இருபத்தாறு வருடம் கல் தரகராக இருந்தவர். கண்ணாடியைக் கல் என்று விற்றவர்களையும், அதை நம்பி வாங்கியவர்களையும் பார்த்துச் சலித்து, இப்போது காணாமல் போன பொருள்களைத் தேடிக் கொடுக்கிறார். இரண்டும் ஒரே தொழில்தான் என்பது அவர் கட்சி. முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். கல்லை அப்புறம் பார்க்கலாம்.

"என்னாங்க பஸ்லான் நானா, எங்க சங்கத்தோட உசுருங்க அது" என்றார் வேலுசாமி. "நாலாயிரத்து ஐநூறுன்னு சொல்லி அசிங்கப்படுத்துறீங்களே. நான் அம்பதாயிரம் தர்றேன், கண்டுபுடிச்சுக் குடுங்க."

"தலைவரே" என்றாள் சுதர்ஷினி, அவர் வீட்டு வாசலில் சாய்ந்தபடி. "போன மாசம் மறு அறிவித்தல் வரைக்கும் கூட்டம் கெடையாதுன்னு நோட்டீஸ் ஒட்டுனீங்களே. அன்னைக்கு இந்த உசுரு லீவுல போயிருந்துச்சா?"

சுதர்ஷினி பஸ்லானின் உதவியாளர், அவருடைய வாகன சாரதியும் அவள்தான். அவள் திரீவீலரில் பிரேக் நன்றாக வேலை செய்யும். நாக்கில் அந்த வசதி கிடையாது. அவளும் இதே மேல் கணக்கு லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பவள், இதே சங்கத்தில் ஓட்டுள்ள எண்பத்து மூன்று பேரில் ஒருத்தி.

"பிரம்பு வெச்ச அலுமாரிச் சாவிய ஒருக்காக் காட்டுங்களே" என்றார் பஸ்லான்.

வேலுசாமியின் கை சட்டைப் பைக்குப் போய், காலியான பையைத் தட்டிப் பார்த்துத் திரும்பி வந்தது. "சாவி பத்திரமா இருக்குங்க."

"பத்திரமா ஈக்கும். எங்க ஈக்கி எண்டுதான் கேட்டேன்."

"பத்திரமான எடத்துல."

பஸ்லான் பிளேன்டீயைக் குடித்து முடித்தார்.

*

இந்தச் சங்கத்தின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். எழுபது வருடத்துக்கு முன் இங்கே பார்ட்லெட் என்றொரு துரை இருந்தான். சீமையில் பாராளுமன்றத் தேர்தலில் நின்று கட்டுப்பணமும் இழந்து, அந்தக் கோபத்தில் தேயிலை வளர்க்க வந்தவன். அங்கே கிடைக்காத பாராளுமன்றத்தை இங்கே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டான். இருபத்திரண்டு விதி எழுதினான். தலைவரும் செயற்குழுவும் அரசாங்கம். அங்கத்தவர் கூட்டம் பாராளுமன்றம். லயத்துக்கு வெளியே இருந்து வரும், ஓட்டில்லாத ஒரு நடுவர் நீதிமன்றம். மூன்றாம் விதி, துரை தன் கைப்பிரம்பைத் தானம் செய்துவிட்டு எழுதியது: பிரம்பு மேசைமேல் இல்லாமல் கூடும் கூட்டம் கூட்டமே அல்ல. பிரம்பு இருக்கும் அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், மற்றது கூட்டத்தை நடத்துபவரிடம்.

துரை போய்விட்டான். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, பிறகு கம்பனி எடுத்தது. விதிகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இப்போது விவகாரம் வீடு. ஆளுக்கு ஏழு பேர்ச் காணித் துண்டோடு இருபது தனி வீடுகள். பெயர்ப் பட்டியலைச் சங்கம் கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை காலை தோட்டக் காரியாலயத்தில் இருக்க வேண்டும். பதினேழாவது பெயராக இருந்த ஜெயம்மாவை வேலுசாமி ஒற்றைப் பேனாக்கோட்டில் வெட்டினார். அந்த இடத்தில் எம்பிலிப்பிட்டியவில் மாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான் பெயர் ஏறியது. கூட்டம் கேள்வி கேட்கும் என்று தெரிந்ததும் கூட்டத்தையே ஒத்திவைத்தார். நடுவர் அந்த ஒத்திவைப்பு செல்லாது, ஞாயிறு பத்து மணிக்குக் கூடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால் அலுமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துரையின் பழைய பட்டுத்துணி மட்டும் இருந்தது.

கூட்டம் இல்லையென்றால் வெட்டிய பட்டியல் வெட்டியபடியே காரியாலயம் போகும். லயமே அப்படித்தான் நம்பியிருந்தது.

ஜெயம்மா நாற்பத்தெட்டு வயதுக் கொழுந்துக்காரி. பஸ்லானை அழைக்கச் சொன்னவள் அவள்தான். அவள் அறைக்குள் நுழைந்ததும் அவர் பார்த்தது பின்சுவர். மண்மேட்டுப் பக்கம் கூரையிலிருந்து தரை வரை வெடிப்பு. பஸ்லான் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போனது. பிறகு கையே போனது.

"போன மழையில அரிசிக் கோணிய வச்சு அடைச்சேங்க" என்றாள் ஜெயம்மா. "மலைச்சரிவப் பாக்க வந்த ஆபிசர் மாத்தையா செவப்பு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாரு. மழைன்னா ஸ்கூலுல போய்ப் படுக்கச் சொன்னாரு. ஸ்கூலுக்கும் மேலதான் மலை இருக்குன்னு சொன்னேன். அது வேற டிபார்ட்மெண்டாம்."

சுதர்ஷினி சிரிக்கவில்லை. "பஜாருக்குப் போறோம். மா வாங்கணும்னு சொன்னீங்களே அக்கா, ஏறுங்க" என்றாள்.

*

வழியில் சங்கக் கட்டடத்தில் நிறுத்தினார்கள். அலுமாரியில் கீறல்கூட இல்லை. இரண்டு பூட்டும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி எண்ணெய் பூசிப் பளபளத்தன.

கூட்டத்தை நடத்துபவர் நாகலிங்கம் அங்கேயே இருந்தார். முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். லயத்தில் அவரை 'ஸ்பீக்கர் சேர்' என்பார்கள். கிண்டலுக்குத்தான் ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

"லண்டன்லயும் இதே கதைதான்" என்றார் அவர், கேட்காமலே. "ரெண்டாயிரத்துப் பதினெட்டு டிசம்பர்ல ஒரு உறுப்பினர் கோபத்துல செங்கோலத் தூக்கிட்டு நடந்தாரு. கதவத் தாண்டுறதுக்குள்ள புடிச்சிட்டாங்க. அது மேசையில இல்லன்னா சபை நடக்க முடியாது. அடுத்த வருசம் அரசாங்கம் அஞ்சு வாரம் சபைய மூடிச்சு. பதினோரு நீதிபதிங்க, ஒருத்தர்கூட மாறாம, மூடுனது செல்லாதுன்னாங்க. ராணி கையெழுத்து இருந்தும் செல்லாது."

"நம்ம கொழும்புப் பாராளுமன்றத்துல மொளகாத்தூள் வீசுனாங்க சேர். அது எந்த விதியில வருது?" என்றாள் சுதர்ஷினி.

"அது சமையல் விதி" என்றார் நாகலிங்கம் சிரிக்காமல்.

"சேர், நாலாயிரத்தி ஐந்நூறு தாறேன்" என்றார் பஸ்லான். "பிரம்ப யாரும் கொண்டு வந்தா."

நாகலிங்கத்தின் மூக்குக் கண்ணாடி ஒரு அங்குலம் இறங்கியது. "வெல பேசுற சாமானா அது? அது ஒரு அடையாளம்."

"அடையாளத்துக்கு எவ்வளவு நிறை சேர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? தூக்குனா கனமா இருக்கும். அவ்வளவுதான்."

"ஒங்கட சாவி?"

நாகலிங்கம் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "சாவி பத்திரமா இருக்கு."

"பத்திரமான எடத்துலயா?" என்றாள் சுதர்ஷினி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

திரீவீலர் கீழே இறங்கும்போது அவள் கண்ணாடி வழியாகப் பஸ்லானைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே வசனம் பேசுறாங்க நானா. ஒரே வாத்தியார்கிட்டப் பாடம் பண்ணுன மாதிரி."

"ரெண்டு பேருக்கிட்டயும் சாவி இல்ல" என்றார் பஸ்லான். "ஈந்தா இவ்வளவு நேரம் மூஞ்சில எறிஞ்சிருப்பாங்க. ஒருத்தன் மத்தவன்ட சாவிய எடுத்திருந்தா, எடுத்தவன்ட கையில ரெண்டு ஈக்கும். எடுபட்டவன் கத்துவான். இங்க ஒருத்தரும் கத்தல்ல. வெக்கப்படுறாங்க."

"வெக்கமா? வேலுசாமியா?"

"அதான் எனக்கும் புதுமையா ஈக்கி."

*

பஜார் சந்தியில் ஸம்சுதீன் முதலாளியின் பலசரக்குக் கடை. மூன்று தலைமுறையாக அங்கேயே. லயத்துக்கு வெளியே இருப்பவர், ஓட்டில்லாதவர், யாருக்கும் சொந்தக்காரர் அல்ல. அதனால்தான் பன்னிரண்டு வருடமாக அவரே நடுவர். சீனி நிறுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவார். இரண்டிலும் ஒரு கிராம் கூடக் குறையப் போகாது என்று ஊரில் பெயர்.

ஜெயம்மா இரண்டு கிலோ மா கேட்டாள். ஸம்சுதீன் மாவை நிறுத்துக்கொண்டிருந்தபோது பஸ்லான் மூன்றாவது தடவையாகத் தன் விலையைச் சொன்னார்.

"துரைட பிரம்புக்கு நாலாயிரத்தி ஐந்நூறு. நல்ல வெல. என்ன செல்றீங்க நானா?"

"நாலாயிரத்தி ஐந்நூறா?" ஸம்சுதீன் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன பஸ்லான் நீங்க, மாணிக்கத் தெருவில எப்பிடி யாவாரம் செஞ்சீங்க? பூண் மட்டும் இருநூத்திப் பதினெட்டு கிராம். இண்டைக்கு வெள்ளி விக்கிற வெலக்கி நீங்க செல்ற காசுக்குப் பூணில கால்வாசி கூட வராது."

சொல்லி முடித்த பிறகுதான் மூன்று பேரும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. தராசில் மா இரண்டு கிலோவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கடையின் சரித்திரத்தில் அது முதல் தடவை.

"கிராம் வரைக்குமா முதலாளி?" என்றாள் சுதர்ஷினி.

"தலைவருக்கு அது உசிரு" என்றார் பஸ்லான். "சேருக்கு அது அடையாளம். மூணு பேர்ல ஒங்களுக்கு மட்டும்தான் நானா அதுக்கு கிராம் ஈக்கி. நிறுக்காம எப்பிடித் தெரியும்?"

தப்பான விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வியாபாரியால் முடியாது. திருடன் என்றால் தப்பித்திருப்பான்.

ஸம்சுதீன் தராசை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னும், உரச்சாக்கில் சுற்றிய நீளமான பொட்டலமும் கொண்டு வந்தார். பொட்டலத்தில் பிரம்பு. டின்னில் இரண்டு சாவி.

"எடுக்கிற நேரம் பூண் கழண்டு வந்திச்சி" என்றார் மெதுவாக. "திரும்ப மாட்டத்தான் போனேன். தராசு பக்கத்தில ஈந்திச்சி."

"சாவி ரெண்டும்?"

"புதன்கிழம காலையில வேலுசாமி வந்தாரு. கூட்டம் கூடக்குள்ள ஏதும் வில்லங்கம் வந்தா தன்னில பழி வரும், சாவிய நீங்க வெச்சிக்கோங்க எண்டாரு. ஒத்தருக்கும் செல்ல வாணாம் எண்டாரு. பகலக்கி நாகலிங்கம் சேர் வந்தாரு. வேலுசாமிட ஆக்கள் சாவியப் பறிச்சிருவாங்க, நீங்க வெச்சிக்கோங்க எண்டாரு. அவரும் ஒத்தருக்கும் செல்ல வாணாம் எண்டாரு."

சுதர்ஷினி மெதுவாகச் சீட்டியடித்தாள். "ஒருத்தர ஒருத்தர் நம்பாம இருக்கணும்னுதான் துரை ரெண்டு பூட்டுப் போட்டான். ரெண்டு பேரும் அந்த வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க. ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி, ஒரே பிஸ்கட் டின்."

"சாவி கிடைச்சா அலுமாரியத் தொறக்கணும் எண்டு சட்டமா நானா?" என்றார் பஸ்லான்.

ஸம்சுதீன் ஜெயம்மாவைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்காகத்தான் தொறந்தேன்."

கடைக்கு வரும் ஒவ்வொரு வாயையும் கேட்டு அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு சரிக்குச் சரி விழும். அப்போது, எண்பத்து மூன்றில் சேராத நாகலிங்கம் சேர்தான் தீர்க்கும் ஓட்டைப் போட வேண்டும். அவர் லண்டன் வழக்கத்தை விடமாட்டார்: சரிக்குச் சரி வந்தால் ஸ்பீக்கர் இருப்பதை மாற்றாத பக்கமே நிற்பார். இருப்பது வெட்டிய பட்டியல். ஜெயம்மா தோற்பாள். ஆனால் யாரும் படிக்காத பதினெட்டாம் விதி ஒன்று இருக்கிறது. கூட்டம் கூட முடியாமல் போனால் முடிவு நடுவர் கைக்கு வரும்.

"நாளைக்கிப் பத்து மணிக்குப் பிரம்பு இல்ல. பத்தரைக்கு நான் தீர்ப்புச் செல்லுவேன். ஜெயம்மாட பேர் உள்ளுக்கு, மச்சான்ட பேர் வெளியில. நீதி அதானே?"

பஸ்லான் பிரம்பைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு ஜெயம்மா பக்கம் திரும்பினார். "என்னய வரச் சென்னது நீங்க. நான் பிரம்பக் காணல்ல எண்டு இப்பிடியே திரும்பிப் போக ஏலும். செல்லுங்க."

ஜெயம்மா மாப் பையைக் கீழே வைத்தாள். சுவர் வெடிப்பில் கை போகும் ஆழம் அவளுக்குத் தெரியும்.

"முதலாளி, நீங்க நல்லவரு. அது எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "தலைவரும் அவரு வீட்டுல தனியா ஒக்காந்து யோசிச்சுத்தான் எம்பேர வெட்டுனாரு. நீங்க ஒங்க கடையில தனியா ஒக்காந்து யோசிச்சு எம்பேர எழுதுறீங்க. ரெண்டு எடத்துலயும் என்னய யாரும் கேக்கல. நாளைக்கு ஒங்க எடத்துக்கு வேற ஒருத்தரு வந்து திரும்ப வெட்டுனா, அன்னைக்கு நான் எங்க போய் நிக்கிறது? கூட்டத்துல பேசட்டும். தோத்தா எல்லாரு முன்னாடியும் தோத்ததா இருக்கட்டும்."

ஸம்சுதீன் அந்த மாவைத் திரும்ப நிறுத்தார். இந்தத் தடவை சரியாக இரண்டு கிலோ.

*

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிரம்பு மேசைமேல் இருந்தது.

எப்படி வந்தது என்று கேட்க இரண்டு பேருக்குத்தான் உரிமை இருந்தது. வேலுசாமி நாகலிங்கத்தைப் பார்த்தார். நாகலிங்கம் வேலுசாமியைப் பார்த்தார். கேட்டால் தன் சாவியின் கதையைச் சொல்ல வேண்டும். இருவரும் பிரம்புக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒரு மணி நேரம் பேசினார்கள், அதில் ஐம்பது நிமிடம் சத்தம். பிறகு கை தூக்கினார்கள். ஜெயம்மாவின் பெயரைத் திரும்பச் சேர்க்க நாற்பத்தொரு கை. வேண்டாமென்று நாற்பத்தொரு கை.

"சரிக்குச் சரி" என்றார் வேலுசாமி எழுந்து. "ஸ்பீக்கர் சேர் லண்டன் வழக்கத்தச் சொல்லட்டுங்க. நாங்க கட்டுப்படுறோம்."

நாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். முப்பது வருடம் அவர் படிப்பித்த பக்கம் அது. அதை மாற்றிச் சொல்ல அவரால் முடியாது, சொல்லவும் மனமில்லை.

கதவோரம் நின்ற பஸ்லான், பக்கத்தில் நின்ற சுதர்ஷினியிடம் குனிந்தார். "எண்பத்தி மூணை ரெண்டாப் பிரிச்சா?"

"பாதி ஆளு மிஞ்சும்."

"பாதி ஆள் ஓட்டுப் போட ஏலாது. முழு ஆள் ஒண்டு எங்கயோ மிஞ்சி ஈக்கி. தேடுங்க."

சுதர்ஷினி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை. "சேர்" என்றாள் உரக்க. "ஜெயம்மாக்கா ரெண்டு தடவையும் கை தூக்கல."

எல்லாத் தலையும் திரும்பியது. ஜெயம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் விசயத்துக்கு நானே கை தூக்குறது அசிங்கம் இல்லீங்களா?"

"கேட்டீங்களா?" என்றார் வேலுசாமி. "தன் வழக்குக்குத் தானே நீதிபதியா? அது சட்டத்துக்கே விரோதங்க. நடுவர் சொல்லட்டும்."

ஸம்சுதீன் மூலையில் தன் நாற்காலியில் இருந்தார். நேற்று இதே கேள்வியை அவர் கையில் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பார். பிரம்பை ஒரு தடவை பார்த்தார்.

"இது கூட்டத்துக்குள்ள நடக்கிற விசயம்" என்றார். "இதில நடுவருக்குக் கை வெக்க ஏலாது. கூட்டமே தீர்த்துக்கோங்க."

நாகலிங்கம் கண்ணாடியை மேலே தள்ளினார். அவர் முகத்தில் வகுப்பறை வெளிச்சம் வந்தது.

"ரொம்பச் சரி. லண்டன்ல ஆயிரத்து அறுநூத்தி எண்பத்தொம்பதுலருந்து அதுதான் சட்டம். சபைக்குள்ள நடக்குறதக் கோர்ட்டு கேக்கக் கூடாது. தன் வழக்குக்குத் தான் தீர்ப்புச் சொல்லக் கூடாதுங்கறது கோர்ட்டு விதி. இது கோர்ட்டு இல்ல. தலைவர் அவர்களே, உங்க மச்சான் பேருக்கு நீங்க இப்பக் கை தூக்குனீங்களே, அது யாரு வழக்கு?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் சிரிப்பாகப் பரவியது. வேலுசாமி உட்கார்ந்தார்.

ஜெயம்மா கையைத் தூக்கினாள். கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள். தோளுக்கு மேல் தூக்கிப் பழக்கமில்லாத கை. நாகலிங்கம் இரண்டு தடவை எண்ணினார்.

வெளியே வந்ததும் ஸம்சுதீன் ஜெயம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். தலை குனிந்திருந்தது. அவள் பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தாள். வேலுசாமியும் நாகலிங்கமும் ஆளுக்கொரு பக்கமாக வேகமாக நடந்தார்கள்.

கூட்டக் குறிப்பில் நாகலிங்கம் எழுதியது ஒரே வரி: 'பிரம்பு மேசைமேல் இருந்தது.' எப்போதும் அங்கேயே இருந்தது போல.

பஸ்லான் திரீவீலரில் ஏறி, கல் வாங்கி விற்ற காலத்துச் சின்னப் புத்தகத்தை எடுத்தார்.

"என்னா நானா எழுதுறீங்க?" என்றாள் சுதர்ஷினி, வண்டியை முறுக்கியபடி.

அவர் எழுதியதைக் காட்டினார்.

ஆதரவு நாற்பத்திரண்டு. எதிர்ப்பு நாற்பத்தொன்று. பிரம்பு ஒன்று, வந்து சேர்ந்தது. சாவி இரண்டு, உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. மன்னிப்பு: வர வேண்டியது மூன்று, வந்தது ஒன்று.

நிலுவை இரண்டு.